கூழ் குடித்த கம்பளம்

போன வியாழக்கிழமை, வெயில் நன்றாக ஏறிய நேரம், எங்கள் ஒழுங்கையில் ஒரு பசுமாடு ஈரான் நாட்டின் ஒரு மூலையைத் தின்றுவிட்டது.

பயப்படாதீர்கள். வெளிநாட்டுச் செய்தி எழுதுவது இந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்துத் தம்பிமாரின் வேலை. நான் சொல்வது ஒரு கம்பளத்தை. ஈரானில் யாரோ ஒருத்தி கையால் முடிச்சு முடிச்சாகப் போட்டுச் செய்து, குவைத்துக்குப் போய், அங்கிருந்து எங்கள் தர்மபுரத்துக்கு வந்து, கடைசியில் மாட்டின் வாய்க்குப் போன கம்பளம்.

எப்படிப் போனது? ஆறுதலாகச் சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை. உங்களுக்கு மட்டும் என்ன அவசரம் — மின்சாரமா வந்துவிடப் போகிறது?

எனக்கு அடுத்த வீட்டு வளவில் இருக்கிறவர் கனகரத்தினம். மனைவி ராசமலர். கனகரத்தினம் ஆறு வருடம் குவைத்தில் இருந்தவர். அங்கே ‘சுப்பவைசர்’ வேலை. எதைச் சுப்பவைஸ் பண்ணினார் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. அந்தச் சொல்லுக்கே ஒரு மரியாதை இருக்கிறதல்லவா... கேட்டவுடன் கேட்கிறவர் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

அங்கே சண்டை வந்து எல்லாரும் ஓடிவந்த நேரம் கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் ரேடியோ. ஒருவர் தையல் மெஷின். பலர் வெறுங்கை. கனகரத்தினம் வந்து இறங்கியது தோளில் ஒரு கம்பளத்தோடு. பாலைவனத்தில் கூடாரத்துக்குள் கிடந்த கிழமைகளில்கூட அதைக் கீழே வைக்கவில்லை என்று கேள்வி.

கம்பளம் என்றால் கம்பளம்தான். ஒரு ஆள் நீளம். சிவப்பும் கருநீலமும். நடுவில் பூவா விளக்கா என்று தெரியாத ஒரு வடிவம். இரண்டு நுனியிலும் குஞ்சம். தடவினால் ஆட்டுக்குட்டியின் முதுகைத் தடவுவது மாதிரி.

அதில் யாராவது குந்தி இருந்திருக்கிறார்களா? அதுதான் இல்லை.

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கனகரத்தினம் கம்பளத்தை நடுவில் விரிப்பார். விருந்தாளி சுவரோரமாகப் பாயில் இருந்து அதைப் பார்ப்பார். உள்ளேயிருந்து தேத்தண்ணி வரும். தேத்தண்ணி வாசலுக்கு வருவதற்கு முன்னரே கம்பளம் சுருட்டப்பட்டுவிடும். குண்டு போட வருகிற பொம்பர் இரைகிற சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் முதலில் இறங்குவது கம்பளம். இரண்டாவது கனகரத்தினம். இடம் மிச்சமிருந்தால் ராசமலர்.

நான் ஒருமுறை கேட்டும்விட்டேன்.

“என்ன தம்பி, விரிப்பு எண்டா இருக்கிறதுக்குத்தானே?”

“மாமி, உது மிதிக்கிற சாமான் இல்லை,” என்றார். அதோடு கதை முடிந்தது.

அவருடைய தங்கைக்கு வவுனியாவில் சுகமில்லை. இரண்டு கிழமைக்கு முன்னர் எல்லை தாண்டுவதற்கான பாஸ் எடுத்துக்கொண்டு, சைக்கிளில் போனார். சனிக்கிழமை திரும்பி வருவார் என்று போன செவ்வாய் காலையில் ஆள்மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தச் செவ்வாய் மத்தியானம் ராசமலர் வீட்டில் கூழ்.

கூழுக்கு நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் அன்னம்மா. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஒழுங்கையில் கொட்டில் போட்டிருக்கிறவள். அவளுடைய தமையன் கடற்கரையிலிருந்து நண்டு கொண்டுவந்து கொடுத்திருந்தார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா என்னுடையது. பானையும் விறகும் ராசமலருடையது. இந்த நாட்டில் இப்படி ஒழுங்காக நடந்த பேச்சுவார்த்தை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

கூழ் இறக்குகிற நேரம் ராசமலர் அறைக்குள் போனாள். வந்தபோது அவள் கையில் கம்பளம். மாமரத்துக்குக் கீழே கொண்டுபோய் உதறி விரித்தாள்.

“என்ன பிள்ளை செய்யிறாய்?”

“அஞ்சு வருசமாப் பாத்துக்கொண்டே இருக்கிறன், மாமி. சனிக்கிழமை அவர் வந்திடுவார். ஒருக்கா இருந்து பாப்பம்.”

அன்னம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முதலில் இருந்தாள். பிறகு சம்மணம் கட்டி, கையால் தடவி, “எணை அக்கா, இதிலை இருந்தா முழங்கால் நோவு கூடத் தெரியாது போல,” என்றாள். அப்புறம் நான் மட்டும் மண்ணில் இருக்க எனக்கென்ன விதியா?

கூழை நாங்கள் பிளாவில் குடிப்போம். பனையோலையைக் கூட்டி மடித்துக் கட்டுகிற கிண்ணம். கட்டத் தெரிந்தவர் கட்டினால் ஒரு சொட்டும் ஒழுகாது. அன்றைக்கு மூன்று பிளாவையும் கட்டியது நான். இரண்டு ஒழுகவில்லை.

மடியில் சூடாக ஏதோ படுகிறதே என்று குனிந்தேன். பிளா கவிழ்ந்தது. நடுப்பூவின்மேல் நல்ல சிவப்பாக, கட்டியாக, ஒரு சிரட்டைக் கூழ். ஒரு நண்டுக் கால் பூவின் நடுவில் நிமிர்ந்து நின்றது.

அன்னம்மா அந்தக் காலை நுள்ளி எடுத்து மண்ணில் போட்டாள்.

ராசமலர் முந்தானையால் ஒற்றினாள். ஒற்ற ஒற்றக் கூழ் பரவியது.

“அவர் இதைத் தவிர வேறை ஒண்டும் கொண்டுவரேல்லை, மாமி. ஆறு வருசத்துக்கும் சேத்து இது ஒண்டுதான். அவர் வாறதுக்குள்ளை இது பழையபடி இருக்கவேணும்.”

“கொட்டினது நான்தானே பிள்ளை...” என்று தொடங்கினேன்.

“விடுங்கோ. விரிச்சது நான். கேட்டா நான் கொட்டினன் எண்டு சொல்லுறன்.”

வேண்டாம் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

“நான் இருக்கிறன். நீ ஒண்டுக்கும் யோசியாதை.”

‘நான் இருக்கிறன்’ — இந்த இரண்டு சொல்லால் என் சீவியத்தில் எனக்கு வந்த வினை கொஞ்சநஞ்சமில்லை. மற்றவர்களுக்கு வந்ததை நான் எண்ணவில்லை.

கம்பளம் கழுவத் தெரியுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் எதற்கும் ஒரு அத்தாட்சி வேண்டுமே. என்னிடம் ஒரு தாள் இருந்தது. போன மாதம் கச்சான் கடலை சுற்றி வந்த காகிதச் சரை. கொழும்புப் பத்திரிகை ஒன்றின் மாதர் பக்கம். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் கூட்டினதை மறக்கமாட்டேன். (இந்தப் பத்தியில் வருகிற எழுத்துப் பிழையைப் பத்திரிகைத் தம்பி திருத்துவார். கருத்துப் பிழையைத் திருத்த அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.)

அந்தத் தாளில் இருந்தது என்ன தெரியுமா? கையால் செய்த கம்பளங்களை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி. படித்தவுடன் ஏதோ எனக்கென்றே கச்சான்காரர் அனுப்பிய மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலை கிணற்றடியில் இரண்டு பேரையும் இருத்தி வாசித்தேன்.

முதலாவது — கம்பளத்தை வாக்யூம் கிளீனரால் மெதுவாகச் சுத்தம் செய்யவும்.

“அது என்ன மாமி?”

“மின்சாரத்திலை வேலை செய்யிற ஒரு மெஷின். தூசியைக் குடிக்குமாம்.”

“எங்கடை ஒழுங்கையிலை விட்டா ரோட்டையே குடிச்சுப்போடும்,” என்றாள் அன்னம்மா. “வேறை என்ன போட்டிருக்கு?”

மென்மையான ஷாம்பூவை இளஞ்சூட்டு நீரில் கலக்கவும் என்று போட்டிருந்தது. ஷாம்பூ... சவர்க்காரக் கட்டியை நூலால் அறுத்து, ஒரு துண்டு குளிக்க, ஒரு துண்டு தோய்க்க, ஒரு துண்டு பெருநாளுக்கு என்று வைத்திருக்கிற சனத்துக்கு ஷாம்பூ. வெள்ளைத் துணியை நனைத்து ஒரு மூலையில் ஒற்றி, சாயம் போகிறதா என்று பார்க்கவும் என்றும் இருந்தது. அதை நான் சத்தமாக வாசிக்கவில்லை. முறுக்கிப் பிழியக் கூடாது, நிழலில் தட்டையாகப் போட்டு உலர்த்த வேண்டும் என்றது. கடைசி வரி, ‘எக்காரணம் கொண்டும்...’ என்று தொடங்கியது. அதோடு தாள் கிழிந்திருந்தது. எக்காரணம் கொண்டும் எதைச் செய்யக்கூடாது என்பது வேறு யாருடைய கச்சானோடோ போய்விட்டது.

“உதை எழுதின ஆள் காத்தாடிக்குக் கீழை இருந்து எழுதியிருக்கு,” என்று தாளை மடித்து இடுப்பில் செருகினேன். பத்தி எழுதுகிறவர்களை எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்த மாதிரித்தான் எழுதுவார்கள்.

அன்னம்மா, “அக்கா, உப்புத் தண்ணியிலை அலசினா சாயம் நிக்கும் எண்டு எங்கடை ஆக்கள் சொல்லுறவை,” என்றாள்.

“கடல் அங்காலை, முப்பது கட்டைத் தூரம் தள்ளிக் கிடக்கு. காவிக்கொண்டு போறியோ?”

அவள் சொன்னது சரியாக இருந்திருக்கவும் கூடும். இப்போது கேட்டு என்ன?

சவர்க்காரம் இல்லாவிட்டால் நாங்கள் எதில் தோய்க்கிறோம்? பனம்பழத்தில். உங்களுக்குத் தெரியாததா? கறுத்தத் தோலை உரித்து, தும்போடு சேர்த்துத் தண்ணீரில் பிசைந்தால் மஞ்சள் களி வரும். அதில் வேட்டி, சேலை, பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் போட்டுக் கும்மினால் ஊத்தை போய்விடும். ஊத்தை போகும், வாசம் போகாது. கோயிலுக்கு ஐம்பது பேர் போனால் ஐம்பது பனங்காய்ப் பணியாரம் போவது மாதிரி இருக்கும். அதுவும் ஒரு சுத்தம்தான்.

சேலைக்குச் சரி என்றால் கம்பளத்துக்கும் சரி. இது என் கணக்கு.

ஆறு பழம் பிசைந்தோம். கம்பளத்தைக் கிணற்றுக் கட்டில் போட்டுக் களியை ஊற்றி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று பேரும் ஏறி மிதித்தோம். ஐந்து வருடம் ஒரு காலும் படாத கம்பளத்தில் ஆறு கால்.

“மிதிக்கிற சாமான் இல்லையாம்,” என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள் அன்னம்மா. ராசமலருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

கூழ் போனது. உண்மையைச் சொல்ல வேண்டும், கூழ் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஆனால் களி போகவில்லை. சேலை நெசவு, அலசினால் களி ஓடிவிடும். கம்பளம் முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் தனக்கென்று ஒரு பிடி களியை வைத்துக்கொண்டது. வாளி வாளியாக இறைத்து ஊற்றினோம். எண்ணுவதை நாற்பதில் விட்டுவிட்டேன். சிவப்புப் பூ மஞ்சள் கலந்து தோடம்பழ நிறமாகி நின்றது.

தண்ணீர் குடித்த கம்பளத்தைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? எருமைக் கன்றைத் தூக்கிப் பாருங்கள், விளங்கும். முருங்கைக் கொம்பில் போட்டோம். கொம்பு முறிந்து கம்பளத்தோடு கீழே வந்தது. இரவு முழுக்கக் கிணற்றுக் கட்டிலேயே வடியவிட்டு, விடிந்ததும் மூன்று பேருமாக இழுத்து என் வீட்டு வேலிமேல் போட்டோம். நல்ல கிடுகு வேலி, பின்னிய ஓலையால் அடைத்தது. தாங்குகிற கதியால் எல்லாம் உரம். பாதி என் வளவுக்குள். பாதி ஒழுங்கைப் பக்கம்.

பனம்பழத்தில் தோய்த்ததை மாடு சப்பும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வாசம் மாட்டுக்குப் பிடிக்கும். அதனால் கொடியில் போட்டால் காவல் இருக்க வேண்டும். எனக்குத் தெரியாதா? ராசமலரும் அன்னம்மாவும் சங்கக்கடையில் நிவாரணச் சாமான் வரிசைக்குப் போய்விட்டார்கள். நான் கதிரையைத் தூக்கி வேலியோரம் போட்டு, கையில் ஒரு கம்போடு இருந்தேன். ஒரு கோழியைக்கூடக் கிட்ட விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் கம்பளம் மெல்ல ஆடியது. நல்ல காற்று, கெதியில் காய்ந்துவிடும் என்று சந்தோஷப்பட்டேன். பிறகு அது ஒழுங்கைப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. பாரம் இழுக்கிறது என்று நினைத்துக் கம்பால் நேராக்கி விட்டேன். திரும்பவும் நகர்ந்தது. திரும்பவும் நேராக்கினேன்.

வேலிக்கு உள்பக்கம் நான் காவல். வெளிப்பக்கம் மாடு.

எழும்பிப் போய்ப் பார்த்தபோது ஒரு மூலை இல்லை. ஒரு பக்கக் குஞ்சத்தில் பாதி இல்லை. மாடு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மாடு யாருடையது என்று கேட்பீர்கள். அதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லாமல் வந்தேன். என்னுடையது.

சனிக்கிழமை காலை பத்து மணிபோல கனகரத்தினம் வந்துவிட்டார். சைக்கிள் மணி கேட்டவுடன் நானும் அன்னம்மாவும் போனோம். சும்மா சுகம் விசாரிக்கப் போகிறவர்கள் மாதிரி. ராசமலர் கம்பளத்தை, தின்ற மூலை உள்ளே போகும்படி சுருட்டி, வழக்கமான இடத்தில் அலுமாரிக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்திருந்தாள். ஈரம் முழுக்கக் காயவில்லை. வாசலிலிருந்து அலுமாரி வரைக்கும் சிவப்பு எறும்பு ஒரே வரிசையில் போய்க்கொண்டிருந்தது.

கனகரத்தினம் தங்கையைப் பற்றி இரண்டு வசனம் சொன்னார். மூன்றாவது வசனத்தில் மூக்கைச் சுளித்தார். எறும்பைப் பார்த்தார். எறும்பு போன வழியே போனார். கம்பளத்தைத் தூக்கி விறாந்தையில் விரித்தார்.

சத்தம் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. குந்தியிருந்து உள்ளங்கையை விரித்து நடுப்பூவில் வைத்து அழுத்தினார். கையை மணந்து பார்த்தார். முடிச்சுக்குள் விரலை விட்டு எதையோ நுள்ளி எடுத்தார்.

“என்ன ஊத்துப்பட்டது?”

“தேத்தண்ணி,” என்றாள் ராசமலர்.

“தேத்தண்ணிக்குள்ளை நண்டுக்கோது இருக்குமோ?”

ராசமலரின் முகம் செத்துவிட்டது. “நான்தான்... நான்தான் விரிச்சு வைச்சுக் கூழ் குடிக்கேக்கை...”

எனக்கு எழுபதாகப் போகிறது. இந்த ஒழுங்கையில் யாருக்கும் நான் தலை குனிந்ததில்லை. குனியாமலே போய்ச் சேரலாம் என்றுதான் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளை என்னுடைய கூழைத் தன்னுடைய கூழாக்கிக்கொண்டு நிற்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது?

“தம்பி, கொட்டினது நான். தோய்ச்சதும் நான். மூலையைத் திண்ட மாடும் என்ரை.”

மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தால் முதலாவதோடு நின்றிருப்பேன்.

கனகரத்தினம் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பனம்பழத்திலையோ தோய்ச்சனீங்கள்?”

“ஓம்.”

“ஆட்டு மயிரைப் பனம்பழத்திலை ஆரும் தோய்ப்பினமோ, மாமி?”

இடுப்பில் இருந்த கச்சான் தாளை இன்னும் கொஞ்சம் உள்ளே செருகினேன்.

அவர் எழும்பினார். சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். சாரத்தை மடித்துக் கட்டினார். ஒரு தடியும், ஒரு தட்டைப் பலகையும், பிழிவதற்கு நாலு தேசிக்காயும் கேட்டார். கம்பளத்தைத் தனி ஆளாகக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். நாங்கள் மூன்று பேர் இழுத்த கம்பளம்... அவர் அதைத் தோளில் போட்ட விதமே வேறு.

முதலில் கவிழ்த்துப் போட்டு முதுகுப் பக்கத்தில் தடியால் தட்டினார். காய்ந்த களி பொருக்குப் பொருக்காக விழுந்தது. ஒரு வெள்ளைச் சீலைத் துண்டை நனைத்துச் சிவப்பில் ஒருமுறை, நீலத்தில் ஒருமுறை ஒற்றிப் பார்த்தார். நான் சத்தமாக வாசிக்காமல் விட்ட அதே வரி. பிறகு கிணற்றுக் கட்டில் சரிவு பார்த்து நிமிர்த்திப் போட்டு, கையால் ஒருதரம் தடவினார், மயிர் எந்தப் பக்கம் படிகிறது என்று பார்க்க. தண்ணீரை அந்தப் பக்கமாகவே ஊற்றி, பலகையின் விளிம்பால் வழித்தார். மேலிருந்து கீழே. ஒரே அழுத்தம். வழிக்க வழிக்க மஞ்சளாக ஓடியது. திரும்ப ஊற்றினார், திரும்ப வழித்தார். முறுக்கவில்லை, கும்மவில்லை, அவசரப்படவில்லை. கை ஒரு பக்கம் வேலை செய்ய, கண் அடுத்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு மெதுவாக ஏதோ விளங்கியது. அன்னம்மாவுக்கு என்னைவிடக் கெதியில் விளங்கிவிட்டது. வலை வீட்டுக்காரி. தொழில் தெரிந்த கையைக் கண்டால் அவளுக்குத் தெரியும்.

“தம்பி,” என்றாள். “சுப்பவைசர்மாரும் உப்பிடித்தான் வழிக்கிறவையோ?”

பலகை நின்றது. ராசமலர் வாளியோடு நின்றாள். எனக்கு அன்னம்மாவின் வாயைத் தைத்துவிட வேண்டும் போல இருந்தது.

அவர் திரும்பவும் வழிக்கத் தொடங்கினார். எங்களைப் பார்க்காமலே சொன்னார்.

“ஆறு வருசம், அன்னம்மாக்கா. ஒரு நாளைக்கு இருபது கம்பளம். ஒரு கடைக்குப் பின்னாலை, மொட்டை வெயிலுக்கை. நகமெல்லாம் அழுகினது.”

“அப்ப இது?”

“ஆரின்ரையோ சாமான். கழுவத் தந்தது. சண்டை வந்தாப்போலை கடைக்காரன் ஓடியிட்டான். சாமான்காரர் வருவினம் எண்டு ரெண்டு நாள் பாத்தன், வரேல்லை. கழுவிக் காயப்போட்டதை விட்டிட்டு வர மனம் வரேல்லை. சுருட்டித் தோளிலை போட்டுக்கொண்டு வந்திட்டன்.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆரின்ரையோ சாமானிலை நாங்கள் எப்பிடி ஏறி இருக்கிறது?”

ஐந்து வருடமாக நாங்கள் பெருமை என்று நினைத்துச் சிரித்தது இதைத்தான்.

“அவை வந்து கேட்டா, மூலை எங்கை எண்டு கேட்டா... நான் என்ன சொல்லுறது?”

“குவைத்திலையிருந்து பிளேன் ஏறி, கொழும்பிலையிருந்து வவுனியாவுக்கு வந்து, அங்கை பாஸ் எடுத்து, சைக்கிள் வாடைக்குப் பிடிச்சுத் தர்மபுரம் வந்து சேந்தா, அப்ப யோசிப்பம்,” என்றாள் அன்னம்மா.

“அப்பிடி வந்தா என்னட்டை அனுப்பு,” என்றேன். “மாட்டுக்காரி நான். நான் கதைக்கிறன்.”

கனகரத்தினம் முதல்முறையாகச் சிரித்தார். ராசமலர் சிரிக்கவில்லை. அவள் புருஷனின் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வருடம் குடும்பம் நடத்தியும் அன்றைக்குத்தான் பார்க்கிறவள் மாதிரி. பிறகு வாளியைத் தூக்கினாள்.

“எந்தப் பக்கமா ஊத்திறது?” என்று கேட்டாள்.

“மேலையிருந்து. மெதுவா.”

அவள் ஊற்றினாள், அவர் வழித்தார். தேசிக்காய்ப் புளியைத் தண்ணீரில் கலந்து கடைசியாக ஒருமுறை. பனம்பழ வாசம் அதோடுதான் போனது. பிறகு இறுகச் சுருட்டி, முழங்காலால் அமத்தித் தண்ணீரை வெளியேற்றி, மாமரத்து நிழலில் தடிகளை அடுக்கி அதன்மேல் தட்டையாகப் போட்டார். இரண்டு நாள். ஈரம் இருந்தால் உள்நூல் உக்கிவிடுமாம். மாட்டை நான் கட்டிவைத்திருந்தேன். சொல்லவும் வேண்டுமா?

தின்ற மூலையை அன்னம்மா எடுத்துக்கொண்டாள். வலை பொத்துகிற ஊசியும் நூலும் அவளிடம் இருந்தது. வெட்டுப்பட்ட இடம் இனிப் பிரியாதபடி நெருக்கமாகச் சுற்றிக் கட்டினாள். ஈரான்காரி முடிந்த முடிச்சுக்குப் பக்கத்தில் முல்லைத்தீவு முடிச்சு. சேர்ந்துதான் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். கிட்டப் போகாதீர்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் கனகரத்தினம் சொன்னதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் வெடிக்கும்; சுருட்டித்தான் வைக்க வேண்டும். சுருட்டும்போது உள்ளே காய்ந்த வேப்பிலை போட்டால் பூச்சி அண்டாது. ஆனால் அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறு. ஒரேயடியாகச் சுருட்டியே வைத்திருந்தால் பூச்சிக்குத்தான் லாபமாம். விரிக்க வேண்டும். ஆட்கள் இருக்க வேண்டும். கால் படுகிற கம்பளத்தில் பூச்சி குடியிருக்காது.

இதை அவர் சொன்னது ராசமலரைப் பார்த்து. அவளும் திங்கட்கிழமையிலிருந்து... சரி, அது அவர்கள் வீட்டுக் கதை.

நேற்று அவரிடம் கேட்டேன். “தம்பி, இதைப் பத்தியிலை எழுதட்டோ? வேண்டாமெண்டா விடுறன்.”

நன்றாக யோசித்தார்.

“எழுதுங்கோ, மாமி. குவைத்திலை என்ன வேலை செய்தனான் எண்டதையும் எழுதுங்கோ. சுப்பவைசரா இருந்து எனக்கும் களைச்சுப்போச்சு. பேரை மட்டும் மாத்திப் போடுங்கோ.”

மாற்றித்தான் போட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஒழுங்கையில் குவைத்துக்குப் போய்வந்தவர் ஒரே ஒருவர்தான்.